பிள்ளையின் பிடிவாதமா? சாமானின் குற்றமா?

சென்ற மாதம் நமது கூட்டமொன்று முடிந்து நான் புறப்படும் சமயத்தில், வெகு நாளைய நண்பர் ஒருவர், விசைத்தறி ஓட்டிப் பிழைப்பவர், தமது 15 வயது மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "அண்ணே, ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுகிறீர்களே, இவனுக்கும் கொஞ்சம் சொல்லுங்கள். 11 வயதிலேயே இவனுக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. தினம் நான்கு வேளை ஊசி போட வேண்டும் என்று டாக்டர் உத்தரவு. வீட்டில் போட்டுக்கொள்ளுகிறான். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் மாத்திரம் போட்டுக்கொள்வதில்லை. கேட்டால் போட்டேன் என்று பொய் சொல்லுகிறான். இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தாகிவிட்டது. எல்லாம் பிடிவாதம், அண்ணே, வெறும் பிடிவாதம்" என்றார். கூட வந்திருந்த அவர் மனைவியாரோ, "இவனைச் சொல்லி என்ன? போன ஜன்மத்தில் நாங்கள் செய்த பாவம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் டாக்டரல்ல. எனது பள்ளிப் படிப்பு எட்டாவது வகுப்போடு நின்றுவிட்டது. ஆகையால் புத்தி சொல்லாமல், பையனைத் தனியே அழைத்துப் போய், "தம்பி, மத்தியானம் ஊசி போடுவதில் என்ன கஷ்டம்?" என்று மாத்திரம் கேட்டேன். கால் மணி நேரம் வரையில் அவன் வாயைத் திறக்கவில்லை. பிறகு சொன்னான்:

"மாமா, வகுப்பில் போட்டால் மற்றப் பிள்ளைகள் பயப்படுவார்கள், மறைவாகப் போய்ப் போட்டுக்கொள் என்று சார் சொல்லிவிட்டார். மறைவு என்றால் கக்கூஸ்தான். அங்கே சாமான் வைக்க இடமில்லை. புட்டியை ஒரு கையில் பிடித்தால் சிரிஞ்சில் மருந்து இழுக்க முடியாது. ஒரு நாள் புட்டி கீழே விழுந்து உடைந்துவிட்டது. அப்பா, அதன் விலை என்ன தெரியுமா என்று அடித்தார். அதிலிருந்து கொண்டுபோவதே இல்லை."

தோழர்களே! நான்கு வருஷ காலமாக இந்தப் பையனைப் பெற்றோர் திட்டியிருக்கின்றார்கள்; உறவினர் உபதேசம் செய்திருக்கின்றார்கள்; கோயிலுக்கு நேர்ந்துகொண்டிருக்கின்றார்கள். ஆனால் ஒருவராவது "ஏன்?" என்கின்ற ஒரு வார்த்தையை அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவனுக்கு வேண்டியது புத்தியுமல்ல, பிரார்த்தனையுமல்ல. புட்டியை வைக்க ஒரு சாண் பலகையும், உடையாதபடி எடுத்துப் போக ஒரு பையும்தான் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கும்.

நமது மக்கள் எந்தத் துன்பத்துக்கும் இரண்டே காரணம் சொல்லப் பழகியிருக்கின்றார்கள். ஒன்று தலைவிதி, மற்றொன்று பிடிவாதம். முன்னது கடவுள் மேல் போடும் பழி. பின்னது பிள்ளை மேல் போடும் பழி. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை என்னவென்றால், இரண்டில் எதைச் சொன்னாலும் அதற்கு மேல் நாம் யோசிக்க வேண்டியதில்லை என்பதேயாகும்.

சிறு பிள்ளைகளுக்கு வரும் இந்த நீரிழிவு, இனிப்புத் தின்றதால் வருவதல்ல. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் அணுக்களை உடம்பே தவறுதலாக அழித்துவிடுவதால் வருவது. ஆதலால் உயிரோடிருக்க வேண்டுமானால் வெளியிலிருந்து இன்சுலின் செலுத்தியே தீர வேண்டும். இதை நிறுத்திவிட்டு மூலிகைக் கஷாயத்தால் குணப்படுத்துகின்றேன் என்று எவனாவது சொன்னால், அவன் பிள்ளையின் உயிரோடு விளையாடுகின்றவன் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதியும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் பருவமடையும் வயதில், வளர்ச்சிக்காக உடம்பில் சுரக்கும் சில சத்துக்கள் இன்சுலினுடைய வேகத்தைக் குறைத்துவிடுகின்றன. அதே சோற்றைத் தின்று அதே அளவு ஊசி போட்டாலும் அந்த வயதில் சர்க்கரை ஏறும். நமது வீடுகளிலோ, சோதனைக் கருவியில் அதிக எண் தெரிந்தவுடனே, "எதையோ திருட்டுத்தனமாகத் தின்றிருக்கின்றாய்" என்று குற்றஞ்சாட்டுகின்றோம். செய்யாத குற்றத்துக்குத் தினம் தண்டனை அடைகின்ற பிள்ளை, பிறகு பரிசோதனை செய்வதையே நிறுத்திவிடுவதில் ஆச்சரியம் என்ன இருக்கின்றது?

நிற்க, மருந்து கண்டுபிடிப்பது ஒரு வேலை. அந்த மருந்து ஒரு மனிதனுடைய அன்றாட வாழ்க்கைக்குள் தடையில்லாமல் போய்ச் சேரும்படி செய்வது வேறொரு வேலை. இந்த இரண்டாவது வேலைக்குத்தான் இப்போது வடிவமைப்பு என்று பெயர் சொல்லுகின்றார்கள். பெரிய பெயரைக் கண்டு மிரள வேண்டாம். மண்வெட்டிக்குப் பிடி எத்தனை நீளம் இருந்தால் இடுப்பு வலிக்காது என்று பார்த்து ஆசாரி செய்கின்றாரே, அதுதான் வடிவமைப்பு.

கனடா தேசத்து டொரண்டோ நகரத்தில் 1922-ம் வருஷம் ஜனவரி 11-ந் தேதி, உலகத்திலேயே முதன்முதலாக நீரிழிவுக்காக இன்சுலின் ஊசி போடப்பட்டவர் லியோனார்ட் தாம்சன் என்கின்ற 14 வயதுப் பையன். அதற்கு முன் இந்த வியாதி வந்த பிள்ளைகளுக்கு வைத்தியம் என்னவென்றால், பட்டினி போட்டுச் சாவைச் சில மாதங்கள் தள்ளிவைப்பதுதான். எலும்புந்தோலுமாகக் கிடந்த அந்தப் பையனுக்கு முதல் ஊசி சரியாகப் பலிக்கவில்லை. உடனே "விதி" என்று கையை விரித்துவிடாமல், மருந்தை மேலும் சுத்தப்படுத்தி 12 நாள் கழித்து மறுபடியும் போட்டார்கள், தேறினான். அதன் பின்னர் 13 வருஷம் உயிரோடிருந்தான்.

மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அதைப் போட்டுக்கொள்ளும் விதம் எப்படி இருந்தது? கண்ணாடி சிரிஞ்சைக் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். தடித்த ஊசியைக் கல்லில் தீட்டிக் கூராக்க வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை இதையெல்லாம் எங்கே போய்ச் செய்வது? எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு 1985-ல், மை ஊற்றி எழுதும் பேனாவைப் போன்ற உருவத்தில் ஓர் இன்சுலின் பேனாவை டென்மார்க் தேசத்துக் கம்பெனி ஒன்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. மருந்து அதே ஜாதி மருந்துதான். மாறியது அதைப் போட்டுக்கொள்ளும் உருவமும் முறையும்தான். ஆனால் அந்த மாறுதலால், சட்டைப் பையில் செருகிக்கொண்டு நாலு பேருக்கு மத்தியில் போவதும், அளவைத் திருகி வைத்துப் போட்டுக்கொள்வதும் சாத்தியமாயிற்று.

இப்படிப்பட்ட மாறுதல்களுக்கு வித்துப் போடுகின்றவர்கள் யார்? பெரிய பட்டதாரிகள் மாத்திரந்தானா? ஆஸ்துமா என்னும் இழுப்பு வியாதிக்கு இன்று வாயில் வைத்து அழுத்தி உறிஞ்சுகின்ற குழாய் இருக்கின்றதல்லவா? 1955-ம் வருஷம் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனித் தலைவருடைய மகள், 13 வயதுப் பெண், இழுப்பால் வருந்திக்கொண்டிருந்தாள். அந்நாளில் கண்ணாடியாலான ஒரு கருவியின் ரப்பர் குமிழியை அழுத்தி மருந்தைப் புகையாக்கி இழுக்க வேண்டும். அது உடையும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் அளவு மருந்து வரும். அந்தப் பெண் தன் தகப்பனாரிடம், "தலைமயிருக்குத் தெளிக்கின்ற வாசனைத் தைலத்தை டப்பாவில் அடைத்து அழுத்தினால் வரும்படி செய்திருக்கின்றார்களே, என் மருந்தை ஏன் அப்படிச் செய்யக் கூடாது?" என்று கேட்டாளாம். தகப்பனார் அதைத் தமது தொழிற்சாலை ஆட்களிடம் கொண்டுபோனார். அடுத்த வருஷமே, 1956-ல், அளவாக மருந்து தரும் குழாய் கடைக்கு வந்துவிட்டது. இன்றைக்கு உலகம் பூராவும் கோடிக்கணக்கான மக்கள் அந்த வழியில்தான் மூச்சு விடுகின்றார்கள்.

இந்தக் கேள்வியை நமது வீட்டுப் பெண் ஒருத்தி கேட்டிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும்? "அதிகப்பிரசங்கி! டாக்டருக்குத் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதோ?" என்பதுதானே! பிள்ளைகளுடைய கேள்வியை அடக்குவதை ஒழுக்கம் என்று நினைக்கின்ற வீட்டில், இப்படி ஒரு குழாய் எங்கே பிறக்கும்?

வியாதியஸ்தர்களே தங்கள் கருவியைச் சீர்திருத்திய கதையும் உண்டு. ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்பவருக்கு 12 வயதில் நீரிழிவு வந்தது. அவர் படித்தது இன்ஜினீயர் வேலை. இரத்தத்தில் உள்ள சர்க்கரையைச் சில நிமிஷத்தில் காட்டும் கருவியொன்று வெளிவந்திருப்பதை 1969-ல் அறிந்தார். எடை மூன்று ராத்தல். விலை 650 டாலர். ஆனால் டாக்டர்களுக்குத்தான் விற்போம், வியாதியஸ்தருக்கு விற்கமாட்டோம் என்றார்கள். தமது மனைவியார் டாக்டராயிருந்தபடியால் அவர் பெயரில் வாங்கி, தினம் பல தடவை தமக்குத் தாமே சோதித்து, உணவையும் மருந்தையும் ஒழுங்குபடுத்திக்கொண்டார். அதைச் சொன்னபோது வைத்திய உலகம் காது கொடுக்கவில்லை. ஆதலால் 45 வயதில் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து தாமே டாக்டரானார். வீட்டில் தன் சர்க்கரையைத் தானே பார்த்துக்கொள்வது இன்று சாதாரண வழக்கமாகிவிட்டது.

டேனா லூயிஸ் என்னும் அமெரிக்கப் பெண்மணிக்கு இதே வியாதி வந்தது 14 வயதில். இரவில் சர்க்கரை இறங்கினால் ஒலிக்க வேண்டிய கருவியின் மணி, தூக்கத்தில் காதில் விழாத அளவுக்கு மெல்லியதாக இருந்தது. தனியே வசித்த அவருக்கு, தூங்கினால் விழிப்போமா என்பதே பயம். எனவே அந்த எண்களைக் கருவியிலிருந்து வெளியே எடுத்து உரக்க ஒலிக்கும்படி செய்ய 2013-ல் ஆரம்பித்தார். அதிலிருந்து வளர்ந்து, தோழர்களுடன் சேர்ந்து, தானே கணக்குப் போட்டு இன்சுலினைக் கூட்டிக் குறைக்கின்ற ஏற்பாட்டைச் செய்து, 2015-ல் அதன் விவரத்தை யார் வேண்டுமானாலும் இனாமாக எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டுவிட்டார். மந்திரத்தை இரகசியமாக வைத்துக்கொண்டு தட்சிணை வாங்கிப் பிழைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டுகின்றேன்.

"கருவி இருந்தாலும் வயசுப் பிள்ளை கேட்க வேண்டுமே!" என்பார்கள் சிலர். அதற்கும் சோதனை செய்து பார்த்த பதில் இருக்கின்றது. புற்றுநோய் வந்த வாலிபப் பிள்ளைகள் வீட்டில் தின்ன வேண்டிய மாத்திரைகளைத் தவறவிடுவது வழக்கம்; தவறினால் நோய் திரும்ப வரும். ஹோப்லாப் என்னும் அமெரிக்க ஸ்தாபனத்தார், நோயுற்ற பிள்ளைகளுடைய யோசனையைக் கேட்டு, கம்ப்யூட்டரில் ஆடும் ஒரு விளையாட்டை அமைத்து 2006-ல் வெளியிட்டார்கள். உடம்புக்குள் புகுந்து புற்று அணுக்களைச் சுட்டு வீழ்த்துவது அந்த விளையாட்டு. மருந்து உள்ளே போய் என்ன செய்கின்றது என்பதைப் பிள்ளை தன் கண்ணாலேயே காண்கின்றான். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய தேசங்களில் 34 ஆஸ்பத்திரிகளில், 13 முதல் 29 வயது வரையுள்ள 375 பேரை இரு பங்காகப் பிரித்து, ஒரு பங்குக்குச் சாதாரண விளையாட்டும், மறு பங்குக்கு இந்த விளையாட்டும் சேர்த்துக் கொடுத்துச் சோதித்தார்கள். இதை ஆடியவர்கள் மருந்தை மற்றவர்களைக் காட்டிலும் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள் என்று 2008-ல் பிரசுரமாயிற்று. உபதேசத்தால் ஆகாதது, காரணத்தைக் காட்டியதால் ஆயிற்று. பிள்ளைகளுக்குப் புத்தியில்லை என்பது பொய். அவர்களுக்கு நாம் காரணம் சொல்வதில்லை என்பதே மெய்.

"இவையெல்லாம் பணக்காரத் தேசத்துச் சங்கதி, ஏழைகளாகிய நமக்கு எப்படி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் நல்ல அமைப்பு என்பது விலையில் இல்லை. இன்சுலினை வெயிலில் வைத்தால் வீரியம் கெட்டுவிடும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் என்ன செய்வது? பெரிய மண்பானைக்குள் சிறிய மண்பானையை வைத்து, இடையில் மணலைக் கொட்டி, மணலை ஈரமாக வைத்திருந்தால், தண்ணீர் ஆவியாகிப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுகின்றது. உள்ளே வைத்த புட்டி வெளியிலுள்ளதைவிடக் குளிர்ந்து இருக்கின்றது. நமது குயவர் கையால் ஆகின்ற இந்த வேலை, எந்தத் தேசத்து வடிவமைப்புக்கும் குறைந்ததல்ல.

இன்னொன்று பாருங்கள். நமது நாட்டில் இன்சுலின் இரண்டு வீரியத்தில் விற்கப்படுகின்றது. ஒரு மில்லி லிட்டரில் 40 யூனிட் உள்ளது ஒன்று. 100 யூனிட் உள்ளது மற்றொன்று. 40-க்கு உள்ள சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடியும், 100-க்கு உள்ளதற்கு ஆரஞ்சு மூடியும் போடுவது வழக்கம். 100 யூனிட் மருந்தை 40-க்குரிய சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்துவிட்டால் உடம்பில் போவது 10 அல்ல, 25. பிள்ளை மயங்கி விழும், உயிருக்கும் ஆபத்து. ஆகவே ஒரு மூடியின் நிறங்கூட உயிரைக் காக்கும், அல்லது போக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாயாருக்கும் புரியும்படி மருந்துப் புட்டியிலும் அதே நிறத்தில் ஒரு துண்டு ஒட்டி வைக்க எத்தனை பைசா ஆகும்?

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2017-ல் மத்தியப் பள்ளிப் பரீட்சைக் கழகமாகிய சி.பி.எஸ்.இ.யார், இந்த வியாதியுள்ள பிள்ளைகள் பரீட்சை மண்டபத்துக்குள்ளேயே தின்பண்டமும் தண்ணீரும் கொண்டுபோகலாம் என்று அனுமதித்தார்கள். காப்பியடிப்பார்கள் என்று ஈயைக்கூட உள்ளே விடாத மண்டபத்திலேயே இது முடியுமானால், சாதாரண வகுப்பில் ஒரு மேஜை மூலை கொடுக்க முடியாதா? மற்றப் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்றால், அவர்களுக்கு அது என்னவென்று ஐந்து நிமிஷம் விளக்கினால் தீர்ந்தது. மறைக்கச் சொல்வதனாலேயே அது பயங்கரமாகத் தோன்றுகின்றது.

பெண்பிள்ளைகள் விஷயம் இதனினும் மோசம். "வெளியே தெரிந்தால் எவன் கட்டிக்கொள்வான்?" என்று, பெற்றோரே ஊசியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கின்றார்கள். கலியாண வீட்டுக்குப் போனால் அந்த வேளை ஊசி கிடையாது. மானம் பெரிதா, மகள் பெரிதா என்று கேட்கின்றேன். எவ்வளவு நேர்த்தியான பேனாவைச் செய்து கொடுத்தாலும், அதை வெளியே எடுக்கக் கூடாது என்கின்ற வீட்டில் அது வெறும் குச்சிதான். ஆதலால் சாமானைச் சீர்திருத்துவதோடு, சாமான் போய்ச் சேருகின்ற வீட்டையும் சீர்திருத்தியாக வேண்டும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வடிவமைப்பு என்கின்ற பெயரால் பளபளப்பான சாமான்களைச் செய்து, ஆசை காட்டி விற்கின்ற வியாபாரிகளும் இருக்கின்றார்கள். உபயோகிக்கப்போகும் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்காமல், குளிர்ந்த அறையில் உட்கார்ந்து செய்யப்பட்ட கருவிக்கும், மந்திரித்துக் கட்டுகின்ற தாயத்துக்கும் அதிக வித்தியாசமில்லை. இரண்டையும் ஒரு மாதம் கழித்துக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். மருந்தின் அளவை டாக்டர் சொல்லட்டும். ஆனால் அந்த மருந்து எங்கே தட்டுகின்றது என்பதைப் பிள்ளைதான் சொல்ல முடியும். செருப்பு எங்கே கடிக்கின்றது என்பது போட்டு நடக்கின்றவனுக்கல்லவா தெரியும்!

ஆகவே, கல்லூரிகளில் படம் வரையவும் கருவி அமைக்கவும் கற்கின்ற வாலிபத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். சோப்புப் பெட்டிக்கும் சினிமா விளம்பரத்துக்கும் அழகு செய்வதோடு உங்கள் வித்தை நின்றுவிட வேண்டாம். உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், நீண்ட நாள் வியாதியோடு வரிசையில் நிற்கின்ற பிள்ளைகளோடு ஒரு நாள் முழுவதும் கூட இருங்கள். எதையும் செய்து கொடுப்பதற்கு முன், எங்கே தடுக்குகின்றது என்று கேளுங்கள். கேட்டதைச் செய்து கொடுத்து, ஒரு மாதம் கழித்துப் போய் அது பிரயோஜனப்பட்டதா என்று பாருங்கள். பிரயோஜனப்படவில்லையானால் வெட்கப்படாமல் மாற்றுங்கள். தையற்காரர், தச்சர், குயவர் ஆகியோருக்கும் இதில் வேலையுண்டு.

நண்பர் மகனுடைய சங்கதியைச் சொல்லி முடிக்கின்றேன். அவனே காகிதத்தில் படம் போட்டான். எங்கள் தெருத் தையற்காரர், பழைய கால்சட்டைத் துணியில், உள்ளே பஞ்சு வைத்து, புட்டிக்கு ஓர் அறை, சிரிஞ்சுக்கு ஓர் அறை, வெல்லத் துண்டுக்கு ஓர் அறையாக ஒரு பை தைத்துக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். தகப்பனாரும் நானும் போய்ப் பேசியதன் பேரில், தலைமையாசிரியர் தமது அறையில் ஜன்னலோரம் ஒரு மேஜையைக் காட்டினார். மூன்று வாரம் கழித்துப் பையனைப் பார்த்தேன். "இரண்டு நாள் தவறிவிட்டது, மாமா" என்று தலை நிமிர்ந்து சொன்னான்.

தவறியது இரண்டு நாள் என்பதைவிட, அதை மறைக்காமல் சொன்னான் என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது. அவன் தகப்பனாரும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். இந்தத் தடவை அவர் கை ஓங்கவில்லை. "ஏன் தவறிற்று, தம்பி?" என்று கேட்டார்.